அம்மாவின் கல்யாணத்துக்குச் சாட்சி

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் அந்தச் சலவைக்கூடம் முதல் தேதியன்று கைமாறியது. எல்லாரையும் ஒவ்வொருவராக அழைத்துப் பேசி, யார் இருப்பது, யார் போவது என்று மாதக் கடைசியில் சொல்வோம் என அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் அதை மூன்று தடவை படித்தாள். பதினோரு வருடமாக அங்கே இருப்பவள். அவளுக்குக் கீழே ஒன்பது பெண்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

"உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டி."

மாப்பிள்ளை, தெருமுனை மருந்துக்கடைக்காரர். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பஸ் ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டியிருந்த மகளின் கணவன் துள்ளி எழுந்தான்.

"அதான் அத்தை ஒரே தலைவலிக்கு வாரத்துல நாலு தடவ மாத்திரை வாங்கினாங்களா!"

அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. அந்த மாதம் முழுக்க இதே கதைதான்.

கூடத்தில் கையில் கடிகாரத்தோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரு விரிப்பை மடிக்க எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டார்கள். எந்நேரமும் வாயாடும் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாருக்கும் மூத்தவளான சின்னக்கா மட்டும் தள்ளுவண்டிக்குப் பின்னால் வந்து காதைக் கடித்தாள்.

"உனக்கு உள்விஷயம் தெரியும்ல? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"சத்தியமா தெரியாதுக்கா."

சின்னக்கா நம்பவில்லை. யாருமே நம்பவில்லை.

வீட்டில் அம்மா இரண்டு புடவைகளை விரித்து, "எது எடுப்பா இருக்கு?" என்று கேட்டாள். போனையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எதுன்னாலும் சரிம்மா" என்றாள். அம்மா இரண்டையும் மடித்து வைத்துவிட்டாள். அது மகளுக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை நடக்க வேண்டிய அவளுடைய வேலை நேர்காணலைப் புதன் பதினோரு மணிக்குத் தள்ளிவைத்தார்கள். போனிலேயே பேசலாமாம். கல்யாணப் பதிவும் அதே நாள், அதே மணிக்கு. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினாள்.

புதன்கிழமை பதிவு அலுவலகத் தாழ்வாரத்தில் போன் அடித்தது, புது மேலாளர்தான். உள்ளே அம்மா, மருந்துக்கடைக்காரர், கணவன், ஐந்து வயது மகள். அவள் சுவரோரம் ஒதுங்கி, மணிக்கு எத்தனை விரிப்பு மடிக்கலாம், மழைக்காலத்தில் எத்தனை குறையும் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு படாரென்று திறந்தது.

"அம்மா! பாட்டி கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க! நீ வந்தாத்தானாம்! அந்த ஆபீசர் மாமா திட்டறாரு!"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சார், மன்னிக்கணும்," என்றாள். "எங்கம்மாவுக்குக் கல்யாணம். நான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அரை மணி கழிச்சுக் கூப்பிடறீங்களா?"

"யாருக்குக் கல்யாணம்னு சொன்னீங்க?"

"அம்மாவுக்கு சார். அம்மாவுக்கேதான்."

அவள் உள்ளே ஓடினாள். அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா" என்றாள், அவ்வளவுதான். கையெழுத்துப் போடும்போது மருந்துக்கடைக்காரரின் விரல்கள் வெடவெடத்தன. "தாத்தாவுக்குக் குளிருதா?" என்று குழந்தை கேட்க, அந்த அதிகாரியே சிரித்துவிட்டார்.

அரை மணி கழித்துப் போன் வரவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் உட்கார்ந்தபோதும் வரவில்லை. அவள் ஐஸ்கிரீமைக் கரண்டியால் குத்திக்கொண்டே அம்மாவிடம் நேர்காணல் விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு நேர்ல போய் நில்லு," என்றாள் அம்மா. "இப்ப அதச் சாப்பிடு. உருகுது."

மறுநாள் அவள் புது மேலாளரின் அறைக் கதவைத் தட்டினாள். ஒன்பது நிமிடத்தில் பேச்சு முடிந்தது. கிளம்பும்போது அவர், "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அது நல்ல சகுனமா, கெட்டதா என்று அவள் இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டாள்.

மாதக் கடைசியில் உறைகள் வந்தன. அவள் இருக்கலாம், ஆனால் மேற்பார்வையாளராக அல்ல. மடிப்பதற்கு இயந்திரம் வருகிறது, அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்பது பேரில் நான்கு பேர் போக வேண்டும். சின்னக்கா அதில் ஒருத்தி.

சின்னக்காவின் அலமாரியை இருவரும் சேர்ந்து காலி செய்தார்கள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு டம்ளர், பாதி தீர்ந்த கைத்தைலம். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.

"உனக்கு நெஜமாவே தெரியாதாடி?"

"தெரியாதுக்கா."

"சரி, நம்பறேன்," என்று பஸ்ஸில் ஏறினாள் சின்னக்கா.

அங்கிருந்து அவள் நேராக மருந்துக்கடை மாடிக்குப் போனாள். புதுக் குடித்தனத்தில் முதல் விருந்து. கணவனும் குழந்தையும் ஏற்கனவே தட்டின் முன்னால் இருந்தார்கள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டை வைத்தாள். மருந்துக்கடைக்காரர் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். உட்கார்ந்தாள். முதல் கவளம் இறங்கவில்லை. குழந்தை ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு பசி தெரிந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.