இறங்காத கை

மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தெரிவித்து நாடாளுமன்ற உறுப்பினர் வீப்ரன் தாமிங்கா தூக்கிய வலது கை, ஓட்டெடுப்பு முடிந்த பிறகும் இறங்கவில்லை. தொண்ணூற்றிரண்டு நவம்பரில் நடந்தது இது. தங்கள் நாட்டுப் பணமான கில்டரை விட்டுவிட்டு ஐரோப்பா முழுக்க ஒரே பணத்துக்கு மாறலாம் என்று மற்றவர்களும்தான் கை தூக்கினார்கள். அந்தக் கைகள் ஒழுங்காக இறங்கிக் காப்பிக் கோப்பையைப் பிடித்தன. தாமிங்காவின் கையில் காவலர்கள் இருவர் தொங்கிப் பார்த்தார்கள். டாக்டர் எலும்பில் குறையில்லை என்றார்; கை கொடுத்த வாக்கில் நிற்கிறது, புதுப் பணம் வந்தால் இறங்கும் என்று சொல்லி, சளிக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தார். மனைவி ஹில்கே அவருடைய சட்டைகளைப் பிரித்து வலது கையை மேல்நோக்கித் தைத்தார். "எனக்கு மோதிரம் போட்டப்பகூட இந்தக் கை இவ்வளவு உறுதியா நிக்கல, வீப்ரன்," என்றார்.

வீட்டுத் தொல்லைகளைச் சமாளிக்க முடிந்தது. க்ரோனிங்கன் நகரச் சந்தையில் ஏலம் நடந்த பக்கமாகப் போனதில், தூக்கிய கையை ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஒரு கிடை ஆட்டை அவர் தலையில் கட்டினார்கள்; வளர்த்துவிட்டார்கள். சபையில்தான் சிக்கல். எந்தத் தீர்மானம் வந்தாலும் தாமிங்கா ஆதரவு என்றே ஆனது. தொண்ணூற்றைந்தில் அவருடைய சொந்த ஊர் ஓல்டெசைலுக்குப் போகும் ரயிலை நிறுத்தத் தீர்மானம் வந்தபோது, "வேண்டாம், வேண்டாம்" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவைத்தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கை மேல இருக்கே, ஐயா. கையைத்தான் எண்ணுவோம், வாயை எண்ணுற வழக்கம் இல்ல," என்றார். தாமிங்கா வெளியே ஓடப் பார்த்தார். நிலைப்படியில் கை இடிக்காமல் குனிந்து வெளியேறுவதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ரயில் போயிற்று.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. ஊரிலும் யாரும் முகம் கொடுக்கவில்லை. மீன்கடை பொப்கோ, "ரயிலை அனுப்பின கையாலேயே ஹெர்ரிங்கையும் வாங்கிக்க," என்று மீனைத் தாழ்வாக நீட்டினார். வெறுங்கையோடு கரைச்சாலையில் நடந்தார் தாமிங்கா. ஓல்டெசைலில் ஒருநாளும் நிற்காத க்ரோனிங்கன் விரைவுப் பேருந்து அவர் அருகே வந்து நின்றது. "கை காட்டினா நிறுத்தணும். ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் டிரைவர். மறுநாளும் நின்றது. வசந்தம் வருவதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அவரைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். பொப்கோவும் மீன்கூடையோடு வந்து நின்றார். சில நாள் கழித்து, "கை குளிருதா?" என்று கேட்டார்.

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில் புதுக்காசு புழக்கத்துக்கு வந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் காலை, சாலையோரத்தில், எல்லாரும் பார்க்கக் கை தானாக இறங்கியது. அன்று கூட வந்திருந்த ஹில்கே அதை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அழுதார். அப்போது வந்த பேருந்து அவர்களைத் தாண்டிப் போகத் தொடங்கியது.

"யோவ், பஸ் போகுதுய்யா! தூக்குய்யா!" என்று கத்தினார் பொப்கோ.

தாமிங்கா மனைவியைப் பார்த்தார். "இங்க நிக்கிற பொண்ணுங்க ஆஸ்பத்திரி வேலைக்குப் போகணும்ல," என்று சொல்லி ஹில்கே பிடியை விட்டார். தாமிங்கா கையைத் தூக்கினார். பேருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. அந்தக் கை பிறகு இறங்கவே இல்லை. காலை ஏழு நாற்பதுக்கு வரும் அந்த பஸ் இன்றும் ஓல்டெசைலில் நின்றுதான் போகிறது.