சிவப்பு முன்னால் போகிறது

"படம் தத்தித் தத்திப் போகுது குருவி. கொஞ்சம் ஓட வையேன்" என்று அக்கா கேட்டபோது அது ஒரு பெரிய வேலையாக யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை, சொந்த ஆய்வகம். இதுவரை போன இடங்களிலெல்லாம் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நின்று, வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இந்த முறை எப்படியாவது என்று புதுச் செருப்புகூட வாங்கிவிட்டாள்.

குருவிக்கு, அக்கா இப்போது வேலை செய்யும் ஆய்வகத்தின் மைக்ராஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் அவள். அதனாலேயே அக்கா கிண்டலாக அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது, இப்போது ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். இருவரும் கூடப் பிறந்தவர்கள் இல்லை, வயது வித்தியாசமும் அதிகமில்லை. ஆனால் குருவியின் கணவர் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்த மாதத்தில் அவர்களுடைய பெண் குழந்தை அக்கா வீட்டில்தான் சாப்பிட்டு, தூங்கி, பள்ளிக்கூடம் போய் வந்தது. அதற்குப் பிறகு அக்கா ஒன்று கேட்டு இவள் முடியாது என்று சொன்னதில்லை.

அக்கா ஓட வைக்கச் சொன்ன படத்தில் இருப்பது ரத்தத்திலுள்ள ஒரு வெள்ளை அணு, ஒற்றைச் செல். அதற்குள் சின்னச் சின்னப் பைகள் இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருக்கும், சரக்கு ஏற்றிக்கொண்டு. பையின் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு புரதங்களில் ஒன்றைப் பச்சையாகவும் இன்னொன்றைச் சிவப்பாகவும் ஒளிர வைத்திருந்தாள் அக்கா. பை நிற்கும்போது இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. பை ஓடத் தொடங்கியதும் சிவப்பு கொஞ்சம் முன்னால் போனது, பச்சை பின்னால் வந்தது. எந்தப் பையைப் பார்த்தாலும் அப்படித்தான். சிவப்புதான் வழி பார்த்துச் சொல்கிறது, பச்சை அதன் பின்னால் சரக்கை இழுத்து வருகிறது என்று அக்கா எழுதிய கட்டுரை நல்ல பத்திரிகை ஒன்றில் வந்தது. ஆய்வகத்தில் அந்தச் சிவப்புக்கு 'பைலட்' என்றே பெயர். எங்கே பேசப் போனாலும் பேராசிரியர் பைலட் படத்தைக் கடைசியாகப் போட்டுத்தான் கைதட்டல் வாங்குவார். அக்காவின் நேர்முகத் தேர்வுப் பேச்சும் அதை நம்பித்தான் நின்றது.

படம் தத்துவதற்குக் காரணம் குருவிக்குத் தெரியும். பச்சைக்கு ஒரு கண்ணாடி, சிவப்புக்கு ஒரு கண்ணாடி என்று கேமராவுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் சக்கரம் உண்டு. பச்சையை எடுத்து முடித்ததும் கணினி விளக்கை அணைக்கும், சக்கரத்தைத் திருப்பச் சொல்லும், திரும்பிவிட்டதா என்று கேட்டுக் காத்திருக்கும், அதன் ஆட்டம் அடங்கும்வரை பொறுத்திருக்கும், பிறகு அடுத்த விளக்கைப் போட்டுச் சிவப்பை எடுக்கும். ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கி வேலை செய்யும் அரசாங்க அலுவலகம் மாதிரி. எடுக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். குருவி சக்கரத்தை வேலையிலிருந்து விலக்கிவிட்டு, இரண்டு நிறத்தையும் விடும் ஒரே கண்ணாடியை அங்கே மாட்டினாள். கேமராவிலிருந்து இரண்டு விளக்குகளுக்கும் நேராக ஒயர் இழுத்து, நடுவில் விரல் நீளச் சர்க்யூட் பலகை ஒன்றை வைத்தாள். இனி கணினியைக் கேட்க வேண்டியதில்லை. கேமரா ஒரு படத்துக்குத் திறக்கும்போதே பச்சைக்கான விளக்கு மின்னும், அடுத்ததற்குத் திறக்கும்போது சிவப்புக்கான விளக்கு. முதல் நாள் ஒயரை மாற்றிச் சொருகி ஒன்றும் தெரியாமல் இருட்டையே படமெடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் சரியாக வந்தது. படம் தண்ணீர் மாதிரி ஓடியது. பைகள் வளைவில் வேகம் குறைப்பதும் நேர்வழியில் பிய்த்துக்கொண்டு போவதும்கூடத் தெரிந்தன.

சிவப்பு மட்டும் முன்னால் போகவில்லை. பச்சையும் சிவப்பும் சேர்ந்து மஞ்சளாக, ஒரே பொட்டாக ஓடின. நின்றபோதும் மஞ்சள், ஓடியபோதும் மஞ்சள்.

ஒயரைத்தான் மறுபடி சொதப்பிவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். கழற்றி மாட்டினாள். வேறு செல்லைப் பார்த்தாள், அக்கா வேறொரு நாள் செல் வளர்த்த டிஷ்ஷை எடுத்துப் பார்த்தாள். பிறகுதான் பிடிபட்டது. ஓடுகிற பிள்ளையின் சட்டையை ஒரு தடவையும் கால்சட்டையைச் சற்றுப் பொறுத்து இன்னொரு தடவையும் படமெடுத்து ஒட்டினால், கால்சட்டை முன்னால் ஓடத்தான் செய்யும். சக்கரம் திரும்பி அடங்குகிற நேரத்தில் பை நகர்ந்துவிடுகிறது. பச்சை எப்போதும் முதலில் எடுக்கப்பட்டது. சிவப்பு எப்போதும் பிறகு. பைலட் என்று ஒன்று இல்லவே இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் பாத்திரம் கழுவ, இவள் துடைத்து அடுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவர். செல், புரதம் என்றால் பாதி காதில் வாங்குவார். இதை முழுதாகக் கேட்டார்.

"அவங்களுக்குத் தெரியாதுல்ல இன்னும்?"

"தெரியாது."

"அப்ப இன்டர்வியூ முடியட்டும். ஒரு வாரம் கழிச்சுச் சொன்னா குடியா முழுகிடப் போகுது?"

"புதுப் படம் எங்கன்னு கேப்பாங்களே."

"வேலை முடியலைன்னு சொல்லு. உன்னால முடியலைன்னா யாரும் உன்னைத் தூக்குல போடப் போறதில்ல." குழாயை மூடினார். "நம்ம பிள்ளைக்குத் தலை வாரிவிட்டவங்க. அவங்க வயித்துல நீயா அடிக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் குருவிக்கும் பட்டது. மறுநாள் காலை பேருந்தில் போகும்போதுகூட வேலை முடியவில்லை என்று சொல்வதாகவே இருந்தாள். ஆனால் அக்கா மைக்ராஸ்கோப் அறை வாசலில் இரண்டு கோப்பைக் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தேர்வுக் குழுவில் வேகமாகப் படமெடுப்பதில் கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறாராம், நேற்றுதான் தெரிந்ததாம். "என்ன கேட்டாலும் நம்ம படம் பேசும்னு தைரியமா இருக்கேன்" என்றாள். அக்காவைக் கேள்வி கேட்கப்போகிற அந்த ஆள் பைலட் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று குருவி யோசித்தாள். காப்பியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, புதுப் படத்தைப் போட்டாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "இது என்ன, எல்லாம் மஞ்சளா இருக்கு?"

குருவி சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறவில்லை, கழுத்து மட்டும் சிவந்தது.

"ஒரே கண்ணாடி வழியா ரெண்டு நிறத்தையும் விட்டா ஒண்ணுல இருந்து ஒண்ணு கசியும். பச்சையோட வெளிச்சத்தையே சிவப்புன்னு எடுத்து வச்சிருக்க. அப்புறம் மஞ்சளா இல்லாம எப்படி இருக்கும்?"

"பச்சை மட்டும் போட்ட செல்லை வச்சுப் பாத்தேன்க்கா. சிவப்புப் படம் கறுப்பாத்தான் வருது."

"நான் ஒண்ணுமே பாக்காம எழுதிட்டேன்னு நெனைக்கிறியா? ரெண்டு நிறச் சாயமும் ஒண்ணா இருக்கிற பொடி மணி வாங்கி, ஸ்லைடுல வச்சு, ரெண்டும் ஒரே எடத்துல விழுதான்னு பாத்தேன். மயிரிழை விலகல. கட்டுரையிலயே இருக்கு, எடுத்துப் படி."

"அது ஸ்லைடுல ஒட்டின மணி அக்கா."

"அதனால?"

"அது ஓடாதே."

அக்கா காப்பியைத் தொடாமல் வெளியே போனாள். அன்று முழுக்கவும் மறுநாளும் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. நடைவழியில் எதிர்ப்பட்டபோது செல்போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனாள். சாப்பாட்டு அறையில் எப்போதும் எதிரெதிரே உட்காருகிறவர்கள் தனித்தனி மேசையில் உட்கார்ந்ததைக் கண்டு, "என்னம்மா, டூவா?" என்று பேராசிரியர் சிரித்துவிட்டுப் போனார். குருவி சாப்பாட்டை மூடி வைத்தாள். கணவர் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை.

அதற்கு அடுத்த நாள் அக்கா தானே வந்தாள். கையில் ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சும், மயிரளவு ஓடை வெட்டிய கண்ணாடித் தகடும், மணிகள் கலந்த தண்ணீர்க் குப்பியும் இருந்தன. "பழையபடி சக்கரத்தை மாட்டு" என்றாள். குருவி மாட்டினாள். மணிகள் பாசிப்பயறு போல, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சைச் சாயமும் சிவப்புச் சாயமும் சேர்த்தே பிசையப்பட்டிருக்கும். ஒன்றைவிட்டு ஒன்று ஒரு நாளும் பிரிய முடியாது.

"நான் தள்ளுறேன். நீ எடு."

கட்டை விரலால் அக்கா சிரிஞ்சை மெதுவாக அழுத்தினாள். ஓடையில் மணிகள் இடமிருந்து வலமாக நகரத் தொடங்கின. சக்கரம் கிர்ரென்று திரும்பி நின்றது, திரும்பி நின்றது. திரையில் ஒவ்வொரு மணியும் இரண்டாகத் தெரிந்தது. வலப்பக்கம் சிவப்பு, அதன் பின்னால் பச்சை. அச்சு அசல் கட்டுரையில் வந்த படம்.

அக்கா சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்தாள். மணிகள் நின்றன, மஞ்சளாயின, வந்த வழியே திரும்பின. இப்போது சிவப்பு இடப்பக்கம் இருந்தது. மறுபடி தள்ளினாள். சிவப்பு வலப்பக்கம் வந்தது. இழுத்தாள். அறையில் சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. குருவி அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடையில் தண்ணீர் தீரும்வரை அக்கா தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தாள், குழந்தை விளையாட்டுப் பொருளை விடாதது போல.

"என் கட்டை விரல்தான் பைலட்" என்றாள் கடைசியில்.

குருவி சக்கரத்தை நிறுத்தினாள். "நான் இன்டர்வியூ முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்க்கா."

"சொல்லியிருக்கலாம்." சிரிஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். "இன்னும் நெறைய திட்டியிருப்பேன் அப்ப. இப்பவும் கோவம் போகல, பேசாம இரு." பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினாள். "இதுல ஏத்திக் குடு."

"எதைக்கா?"

"மணியைத்தான். உன் மஞ்சப் படத்தையும்."

பேராசிரியரிடமும் அவளே போய்ச் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது, உள்ளே குரல் உயரவும் இல்லை. வெளியே வந்த பேராசிரியர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே நடைவழியின் கடைசிவரை போய், எதற்கு வந்தோம் என்பது போலத் திரும்பி வந்தார். கட்டுரை தப்பென்று பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று மட்டும் குருவியிடம் சொன்னார். அவருடைய மேசைக்கு மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த பைலட் படத்தை அன்று யாரும் கழற்றவில்லை. மறுநாளும் அது அங்கேதான் இருந்தது.

நேர்முகத் தேர்வு முடிந்து ஊர் திரும்பிய அக்கா வீட்டுக்குப் போகாமல் நேரே மைக்ராஸ்கோப் அறைக்கு வந்தாள். மாலை வெயில் நடைவழியில் பாதிவரை கிடந்தது. பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"எப்படிப் போச்சுக்கா?"

"பழைய படத்தைப் போட்டேன். அப்புறம் மணியைப் போட்டேன். ஒருத்தரும் இருமக்கூட இல்ல." குதிகாலைத் தடவிக்கொண்டாள். "அந்தக் கெட்டிக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இனிமே உங்க கையில என்ன இருக்குன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டும் சேந்து ஓடுது, எது யாரை இழுக்குதுன்னு எனக்குத் தெரியாது, இப்பத்தான் பாக்குற அளவுக்கு வேகம் வந்திருக்குன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றது. எழுந்து கை குடுத்தாங்க. வேலை குடுக்கிறதுக்கா, வழியனுப்பி வைக்கிறதுக்கான்னு தெரியல. மாசக் கடைசியில சொல்லுவாங்களாம்." பிறகு திரைப் பக்கம் திரும்பினாள். "செல் ஏதாவது வச்சிருக்கியா?"

குருவி வைத்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். வேகம் குறையக் கூடாதென்று கேமராவின் பார்வையைச் சுருக்கியிருந்ததால் திரையில் தெரிந்தது செல்லின் ஒரு மூலை மட்டும்தான். இருட்டிலிருந்து மஞ்சள் பை ஒன்று உள்ளே வந்தது. நேராக ஓடி, வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் நீண்டது, நடுவில் மெலிந்தது, அறுந்து இரண்டு மஞ்சள் பைகளாயிற்று. அக்கா மவுஸை நகர்த்தி ஒன்றைப் பின்தொடர்ந்தாள். இன்னொன்று திரையின் ஓரம்வரை ஓடி, வெளியே போயிற்று.