நாற்காலியில் உட்கார்ந்திருந்த காய்ச்சல்

“அக்கா, உங்க வூட்டு நாற்காலியில உக்காந்திருக்கே, அது யாரு?” என்று ஹாஜரா ஒரு முறை நிர்மலாதேவியைக் கேட்டாள். லூபோக் சீனா என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த ஹாஜரா, நடமாட முடியாதவர்களுக்குச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த காலம் அது. “காய்ச்சல்” என்றாள் நிர்மலாதேவி. “இன்னும் போகலையா?” என்று கேட்டபடி ஹாஜரா முட்டைத் தட்டை மேசைமேல் வைத்தாள். காய்ச்சலுக்கும் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு வேனில் ஏறிப் போனாள்.

அந்தக் காய்ச்சல் முதன்முதலில் வந்தது 2021 ஆகஸ்ட் மாதம். சனிக்கிழமை அவர்கள் குடியிருந்த தோட்டத்து மண்டபத்தில் எல்லாருக்கும் கொரோனா தடுப்பூசியின் முதல் ஊசி போட்டார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் மஞ்சள் சேலை கட்டி, ஈரத்தலையோடு, வெறுங்கையாக வந்து, மின்சார மீட்டர் பார்க்கிறவரைப் போல வரிசையாக நாற்பத்தொரு வீடுகளுக்கும் போனது. சில வீடுகளில் அரை மணி நேரம் உட்கார்ந்தது, சில வீடுகளில் ஒரு நாள் தங்கியது. ஒரே நேரத்தில் நான்கு வீடுகளில் அதைப் பார்த்தவர்களும் உண்டு. நிர்மலாதேவியின் கணவர் தங்கராஜுவைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. அதற்கே அவர் இரண்டு நாள் இடது கையைத் தூக்க முடியவில்லை என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மை கண்ட வீட்டு வழக்கத்தை அறிந்தவர்கள் ஆகையால், காய்ச்சல் எழுந்து போகும்போது யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். அதுவும் போய்விட்டது.

நிர்மலாதேவி வீட்டில்தான் அந்தத் தவறு நடந்தது. அவள் ஒன்பது வருடமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவள். லூபோக் சீனாவிலிருந்து நாற்பது பேரை ஏற்றி, பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலை கேட் முன்னால் ஏழு மணிக்கு இறக்கிவிடுவாள். இறங்குகிற ஒவ்வொருவருக்கும், தமிழர், மலாய்க்காரர், வங்காளதேசத்துப் பையன்கள் என்று பார்க்காமல், “போயிட்டு வாங்க” என்று சொல்வாள். அவர்களும் அதைக் கேட்காமல் இறங்க மாட்டார்கள். திங்கட்கிழமை மத்தியானம் காய்ச்சல் எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்து, வாசற்படியில் கால் வைத்தபோது, போர்வைக்குள் கிடந்த நிர்மலாதேவியின் வாய் தானாகவே “போயிட்டு வாங்க” என்றது. காய்ச்சல் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அது சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அன்னம்மா காதில் இது விழுந்துவிட்டது. “அடிப் பாவி! அம்மா வந்த வீட்டுல யாராச்சும் வாங்கன்னு சொல்லுவாங்களா?”

“வாய் தவறி வந்திருச்சுக்கா.”

“உனக்கு வாய் தவறும். அதுக்கு வழி தவறாது. பாரு, வந்து நிக்கும்.”

அடுத்த மார்ச்சில் வந்து நின்றது. அந்த மாதம் பஸ்ஸில் பாதிப் பேருக்கு நோய். தங்கராஜு பத்து நாளில் எழுந்து லாரி வேலைக்குப் போய்விட்டார். நிர்மலாதேவியின் காய்ச்சலோ இந்தத் தடவை தகரப் பெட்டியும் தலையணையும் கொண்டுவந்திருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதினான்கு மாதம் அவளை விட்டுப் போகவில்லை. முதலில் கறிவேப்பிலை வாசனையை எடுத்துப் பெட்டியில் வைத்தது. அப்புறம் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடக்கத் தேவையான மூச்சை எடுத்தது. அதன்பிறகு தினம் ஒன்றாக அவள் தலைக்குள்ளிருந்த சாலைகளை உருவி, கைக்குட்டை போல மடித்து வைத்தது. விடியாத மழையிலும் வளைவு தவறாமல் ஓட்டியவள், தன் சமையலறையிலேயே எந்தக் குழாயைத் திறக்க வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். கம்பெனி தற்காலிகமாக வேறொரு ஓட்டுநரை வைத்தது. அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் அவள் திரும்பாவிட்டால் பஸ் அவருக்குத்தான் என்று கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்தை அவளால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியவில்லை.

தங்கராஜு வேப்பிலை கட்டினார், சாம்பிராணி போட்டார், கிருமிநாசினி தெளித்தார், தமிழ் புரியவில்லையோ என்று “கெலுவார்! கெலுவார்!” என்று மலாயிலும் விரட்டிப் பார்த்தார். அவர் தரை துடைக்க வசதியாகக் காய்ச்சல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டது.

கிளினிக்குக்கும் அது கூடவே போனது. டாக்டர் திவ்யதர்ஷினி சின்னப் பெண். இரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாள், எதிலும் குறையில்லை. அப்புறம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். “ஆன்ட்டி, ஊசி போட்டதாலதான் இது நாற்காலியில உக்காந்திருக்கு. போடாத சில பேருக்கு நெஞ்சு மேலயே ஏறி உக்காந்ததை நான் வார்டுல பார்த்திருக்கேன்.”

“எப்ப போகும், டாக்டர்?”

“தெரியலை ஆன்ட்டி. நாங்களே இப்பதான் படிச்சுக்கிட்டிருக்கோம். நீங்க கொஞ்சம் கொஞ்சமா நடங்க. களைப்பு வர்றதுக்கு முன்னாலயே உக்காந்திருங்க.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதனாலேயே அந்தப் பெண் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் முதல் விளக்குக் கம்பம் வரை. கம்பங்கள் மொத்தம் பதினொன்று. இரண்டு கம்பம் முன்னேறியவள் மூன்று வாரம் படுக்கையில் விழுந்து, மறுபடியும் வாசலிலிருந்து தொடங்கியதும் உண்டு. அப்படி நான்கு தடவை நடந்தது. ஒரு தடவைகூட அவள் யாரையும் குறை சொல்லவில்லை. காய்ச்சல் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தது. ஏழாவது கம்பத்தில் அதற்கும் மூச்சு வாங்குவதை அன்னம்மா கவனித்துச் சொன்னாள். தோட்டத்தில் யாரும் கைதட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு நாற்காலி போட்டு வைத்தார்கள், அவளுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. ஹாஜரா இரண்டு கிளாஸில் பால் விடாத தேநீரான தே ஓ ஊற்றிக் கொடுத்தாள். இரண்டும் காலியாகத்தான் திரும்பின.

2023 மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் ஏறினாள். காய்ச்சல் முன்சீட்டில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தது. “அக்கா, அதுக்கு டிக்கெட் இருக்கா லா?” என்றான் கையுறைப் பிரிவில் வேலை செய்யும் திலீபன். “உன் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லவா?” என்றாள் அவள். அவன் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். சாலைகள் எல்லாம் பெட்டிக்குள் இருந்ததால், வழியை நாற்பது பேரும் சொன்னார்கள். “வலது, அக்கா.” “கிரி, கக், கிரி!” என்று இடது பக்கம் கைகாட்டினார்கள் மலாய்க்காரர்கள். “சிக்னல்ல நேரா.” பத்து பெரண்டாம் கேட்டில் ஏழு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பஸ் நின்றது.

நாற்பது பேரும் இறங்கினார்கள். காய்ச்சல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நிர்மலாதேவி முகக்கவசத்தின் உள்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கும் விஷயம் தெரியும். ஒவ்வொருவரும் படியில் ஒரு நொடி நின்று, வலது கையை நெஞ்சில் வைத்துவிட்டு இறங்கினார்கள்.

வழி சொல்ல ஆளில்லாததால், கடல் காற்று வந்த பக்கமாகவே காலி பஸ்ஸை அவள் தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலைக்கு ஓட்டினாள். வீடுகள் முடிந்து மணல் மட்டும் இருந்த இடத்தில் காய்ச்சல் இறங்கும் மணியை அடித்தது. பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தாள். காய்ச்சல் பெட்டியைத் திறந்து மடித்த சாலைகளையும் மூச்சையும் கறிவேப்பிலை வாசனையையும் சீட்டின்மேல் அடுக்கி வைத்தது. ஒரே ஒரு முச்சந்தியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டது. அந்த முச்சந்தி வந்தால் இன்றைக்கும் யாராவது சொன்னால்தான் நிர்மலாதேவி பஸ்ஸைத் திருப்புவாள், அவர்களும் சொல்கிறார்கள்.

காய்ச்சல் படியில் நின்று திரும்பிப் பார்த்தது. பதினான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்த முகம். சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கடலைப் பார்த்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தது.