கிலோத்தோவா ஏரிக்குப் போய் வந்தவர்

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு எதையாவது மட்டம் தட்டினால்தான் சோறு செமிக்கும். மகள் காசு கட்டி, அவரையும் மனைவி யசோதினியையும் எக்குவடோருக்கு அனுப்பிவைத்தாள். திரும்பி வந்த கிழமையே இருவரும் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சு நகரத் தெருவில் உள்ள செசிலின் சாப்பாட்டுக்கடைக்கு வந்தார்கள்.

"எப்பிடி அண்ணை இடம்?" என்று செசில் கேட்டான்.

"அந்தீசு மலையிலை கோத்தோபாக்சி எண்டொரு மாகாணம். குளிரும் உருளைக்கிழங்கும்தான். எரிமலையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாங்கள், முழுக்க முகில். பிறகு கிலோத்தோவா ஏரி. எரிமலை வாய்க்குள்ளை தண்ணி நிக்குதாம். இஞ்சை எங்கடை லா கூர்னெவ் பார்க்கிலை இருக்கிற குளம் அதைவிடத் திறம்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவருக்கு உசார் வந்துவிட்டது.

"சனத்தைப் பாக்கோணும். பொம்பிளையள் தொப்பி போட்டுக்கொண்டு செம்மறிக்குப் பின்னாலை திரியினம். உதுகள் எப்ப முன்னேறுறது?"

யசோதினி இருபது வருடமாக லிப்ட் இல்லாத கட்டடங்களில் படிகள் துடைத்தவள். கொத்துரொட்டித் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"தம்பி, ஏரிக்கு மேலை மலைவிளிம்பு கிட்டத்தட்ட நாலாயிரம் மீற்றர் உயரம். கோவேறு கழுதை வேண்டாமெண்டு இவர் வீறாப்பாய்க் கீழை தண்ணிக்கு இறங்கினவர். ஏறேக்கை பாதியிலை மூச்சு முட்டி இருந்திட்டார். அழுதவர். அந்தத் தொப்பி போட்ட மனிசி ஒராள்தான் தன்ரை கழுதையிலை ஏத்தி மேலை கொண்டந்தவ. அவவுக்கு ஒரு நன்றி கூடச் சொல்லேல்லை."

"விசர்க்கதை கதையாதை!"

"நான் நடந்துதான் ஏறினனான். முகில் விலக விலகப் பச்சைத் தண்ணி நீலமாய் மாறிச்சுது. இவர் அப்ப பஸ்ஸுக்குள்ளை போர்வையாலை மூடிக்கொண்டு கிடந்தவர்." அவள் கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆவணியிலை திரும்பவும் போறன். தனிய."

"தனியவோ? உனக்கு மெத்ரோ மாறவே தெரியாது" என்று அவர் சிரித்தார். இந்த முறை பக்கத்து மேசை சிரிக்கவில்லை.

யசோதினி எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவர் இருந்து மிச்சக் கொத்துரொட்டியையும் சாப்பிட்டார்.

ஆவணியில் அவள் போனாள். ஏரிக்கரையில் நின்று எடுத்த படத்தைச் செசிலுக்கும் அனுப்பியிருந்தாள்.

அந்தக் கிழமை ஸ்ரீஸ்கந்தராசா தனியே கடைக்கு வந்தார்.

"அக்கா எங்கை?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

"ஊருக்கு, நல்லூர்த் திருவிழாவுக்குப் போட்டா. நான்தான் அனுப்பினனான்."

செசில், இப்படிப்பட்ட ஆளைத் திருத்துவதற்கு வாயைத் திறப்பதே வீண் என்று நினைத்துக்கொண்டு, இடியப்பத் தட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போனான்.