பிளாஸ்க் வேண்டாம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம்.

கூடத்தில் கண்டக்டரின் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் உறவும் அக்கம்பக்கமும் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. கண்டக்டரோ சமையலறையில், காபி மிஷினின் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றத் தெரியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் இறங்கவில்லை. மனைவியே அவரைக் ‘கண்டக்டரே’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்து, காலையில் எது, ராத்திரி எது என்று சொல்லிக் கொடுத்தே பழகியவள். அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

தகராறு பிளாஸ்க்கில் ஆரம்பித்தது. கண்டக்டரின் அக்கா, எந்த வீட்டில் சாவு என்றாலும் போய் இறங்கியதும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறவள், முனைக்கடையில் பெரிய பிளாஸ்க்கில் காபி வாங்கிவரும்படி தம்பியின் மாப்பிள்ளையை அனுப்பினாள். அவர் செருப்பைப் போடுவதற்குள் கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நெரிசலான பஸ்ஸின் பின்படியிலிருந்து டிரைவரின் காதுக்கு எட்டும் குரல்.

“பிளாஸ்க் வேணாம்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவியின் தலைமாட்டில் இருந்த கண்டக்டர் எழுந்து நின்றிருந்தார்.

“வீட்ல மிஷின் இருக்கு.”

“அது ஒரு கப் மிஷின்டா,” என்றாள் அக்கா.

“ஒவ்வொருத்தரா வரட்டும்.”

பிளாஸ்க் காபி குடிக்கிற நிலைமை வந்தால் அன்றைக்கு நான் செத்துவிட்டேன் என்று அர்த்தம் என மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். இப்போது செத்துவிட்டாள்தான். அதற்காக அவள் வீட்டுக்குள்ளேயே பிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைப்பதா என்பது கண்டக்டரின் கட்சி.

ஆனால் அவர் எழுந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அக்காவும் கண்டக்டரின் மகளும் அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. துக்கத்தில் இருப்பவனுக்குக் காது கேட்காது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும். இன்றைக்கே அவரை மகள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது, வீட்டைப் பூட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. வென்னீர் வைக்கத் தெரியாத மனுஷன் தனியாக எப்படி இருப்பான் என்று அக்கா கேட்டாள். மிஷினை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். நீயே எடுத்துக்கொள், அவனுக்கு எதற்கு அது என்றாள் அக்கா.

மகள் வீட்டில் அவருக்கென்று ஒதுக்கக்கூடிய அறை எது என்று கண்டக்டருக்குத் தெரியும். அதில் ஏற்கெனவே ஓர் இஸ்திரி மேஜையும், சங்கிலி போன சைக்கிளும், ஓடாத தையல் மிஷினும் குடியிருந்தன. அடுத்ததாகச் சேர வேண்டியவர் இவர். அங்கே அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். தையல் மிஷினுக்குக்கூட உறை போட்டுத்தான் வைத்திருந்தார்கள்.

வேண்டாம் என்று வாயால் சொன்னால் கேட்கிற குடும்பம் இல்லை அது. ஆகவே செய்து காட்டக் கிளம்பினார்.

அந்த மிஷினை மனைவி வாங்கிய கதையே தனி. கடைக்கு அவள் படையெடுத்ததில், அவள் குடை தெருமுனையில் தெரிந்தாலே விற்பனைப் பையன் லீவு போட ஆரம்பித்தான். பொடி அடைத்த காப்ஸ்யூல் போடுகிற மிஷின்களை அவன் வரிசையாக எடுத்து வைத்தான். “டப்பாக்குள்ள என்ன இருக்கணும்னு அவன் முடிவு பண்ணுவான், நான் வாய மூடிட்டுக் குடிக்கணுமா?” என்று எல்லாவற்றையும் ஒதுக்கினாள். நம் பொடியை நாமே போட்டுக்கொள்கிற சின்ன வடிகட்டி உள்ளதாக ஒன்று கேட்டாள். தொட்டி தனியாகக் கழன்று வருகிறதா, அதற்குள் கை போகிறதா, கீழ்த்தட்டை எடுத்தால் உயரமான கப் நிற்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தாள். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்களே, ஒரு கப் மிஷின் கேட்கிறீர்களே என்று பையன் கேட்டதற்கு, அது எங்கள் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் உத்தரவு, கண்டக்டர் அதைத் தொடக் கூடாது. தொட்டால் வாரண்டி போய்விடும். தினமும் காலையில் அவரை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, மருந்துக்கடையில் பேசுகிற அதே குரலில் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்வாள். பாடம் முழுக்க அவருக்கு மனப்பாடம். கைக்குத்தான் பழக்கம் இல்லை.

தொட்டி ஒருவழியாகக் கழன்றது. இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாலைக் காய்ச்சிக் கலக்கும் இலாகாவை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, முதல் ஆளாக எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டார்.

முதல் கப்பிலேயே தவறு நடந்தது. கண்டக்டர் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு. வடிகட்டியில் பொடியைப் போட்டார். இன்னும் இடம் இருந்தது. இடம் இருந்தால் ஏற்றுவது அவர் ரத்தத்தில் ஊறிய தொழில். இன்னும் கொஞ்சம் போட்டார். கட்டைவிரலால் அமுக்கினார். அமுக்கியதும் இடம் கிடைத்தது, மறுபடியும் போட்டார். நெஞ்சுவரை ஏற்றி மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினார்.

மிஷின் முதலில் உறுமியது. பிறகு நடுங்கியது. மேடையில் ஒரு முழம் நகர்ந்து சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. காபி வர வேண்டிய மூக்கைத் தவிர மற்ற எல்லா இடுக்குகளிலிருந்தும் வந்தது. பல் டாக்டருக்குக் கிடைத்தது கால் கப், அதிலும் பாதி சக்கை. அவர் படித்த மனிதர். முகம் மாறாமல் மென்று விழுங்கினார்.

“எப்படி இருக்கு டாக்டர்?”

“கெட்டியா இருக்கு.”

‘பொடியை அமுக்கக் கூடாது, கண்டக்டரே. தண்ணி நுழைஞ்சு வெளிய வர வழி வேணும்ல? இது உங்க பஸ் இல்ல.’ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் தினமும் கேட்ட மனைவியின் குரல் இப்போது மிஷின் பக்கத்திலிருந்து வந்தது. வடிகட்டியைக் கழுவினார். முதலில் வெறும் வென்னீரை விட்டுக் கப்பைச் சூடாக்கினார். பொடியை விளிம்புக்குக் கீழே நிறுத்தினார். இரண்டாவது கப் சொன்ன பேச்சைக் கேட்டு வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு பஸ் ஓட ஆரம்பித்தது.

“படியில நிக்காதீங்க, உள்ள வாங்க. குடிச்சவங்க பின்வாசல் வழியா இறங்குங்க. அம்மா, நீங்க அவங்களுக்கு அடுத்து.”

வரிசை சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போய், அவளை ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் தாண்டித் தெருவுக்கு இறங்கியது. தெருமுனையில் பஸ் நிறுத்தம். அங்கே நின்றவர்கள் இந்த வரிசையின் வாலைப் பார்த்துத் தங்கள் வரிசைதான் என்று நினைத்து ஒட்டிக்கொண்டார்கள். வந்த பஸ் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, விஷயம் தெரிந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். பின்னாலேயே பயணிகளும். அன்றைக்கு அந்தத் தடத்தில் பஸ் தாமதமானதற்குச் சாலை வேலை என்று காரணம் சொல்லியிருப்பார்கள். நம்ப வேண்டாம்.

காபி இறங்குகிற நேரம் முழுக்க ஒவ்வொருவரும் கண்டக்டரோடு தனியாக நிற்க வேண்டியிருந்தது. கூடத்தில் கும்பலாக உட்கார்ந்து பேச முடியாததை அங்கே பேசினார்கள். அவளுக்குக் கிறுக்கல் மருந்துச்சீட்டு அனுப்பிய வயதான டாக்டர் ஒருவர், தன் கையெழுத்தைத் தனக்கே அவள்தான் போனில் படித்துக் காட்டுவாள் என்றும், இனி தான் எழுதுவது என்னவென்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னார். மிஷின் போட்ட சத்தத்தில் கண்டக்டருக்குப் பாதிதான் கேட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

நீங்களும் ஒரு வாய் குடியுங்களேன் என்று பஸ் டிரைவர் வற்புறுத்தினார்.

“டூட்டில இருக்கேன்,” என்றார் கண்டக்டர்.

டிரைவருக்கு அது நியாயமாகப் பட்டது.

அக்கா சமையலறை நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்தது கடைசியில் வந்தது. மிஷினின் நெற்றியில் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. பொத்தானை அழுத்தினால் இரண்டு விக்கல், அவ்வளவுதான்.

“போச்சா? நான்தான் சொன்னேனே. மாப்பிள்ளை, பிளாஸ்க்க எடுங்க.”

“யாரும் நகரக் கூடாது,” என்றார் கண்டக்டர். “உப்பு படிஞ்சிருக்கு. வண்டி ரிப்பேர் இல்ல. சர்வீஸ்.”

தொட்டியில் பாதி வினிகர், பாதி தண்ணீர். பொடி இல்லாமல் ஓட்ட வேண்டும். நிறுத்தி ஊறவிட்டு மறுபடியும் ஓட்ட வேண்டும். வினிகர் ஆவி சமையலறையை நிறைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனது. அதுவரை அழாதவர்கள் எல்லோரும் அழுதார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் கலங்காதவர் என்று பெயரெடுத்த மனிதர், தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார். மாமியார்மேல் இவ்வளவு பாசமா என்று பெண்கள் உருகிப்போனார்கள். அந்தக் குடும்பத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை அன்றைக்குச் சம்பாதித்ததுதான்.

அப்படியும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. முதல் கப்பில் நெஞ்சுவரை ஏற்றிய பயணிகள், தண்ணீர் இறங்குகிற துளைகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் குனிந்து பார்த்தார். ஈர்க்குச்சி உடைந்தது. முள்கரண்டி நுழையவில்லை. நிமிர்ந்து, முதல் தடவையாக அக்காவைப் பார்த்தார்.

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு தன் தோளிலிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி நீட்டினாள்.

“கைல குத்திக்காத.”

துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, வெறும் தண்ணீர் விட்டு, வினிகர் வாடை போக மறுபடியும் தண்ணீர் விட்டார். விளக்கு அணைந்தது. அடுத்த கப்பை யாருக்கும் தராமல் அக்காவிடம் கொடுத்தார். அவள் அதைக் குறை கண்டுபிடிக்கிற நோக்கத்தோடு முழுவதும் குடித்தாள். ஒன்றும் கிடைக்காமல், சர்க்கரை போதவில்லை என்றாள்.

மனைவியைக் கொண்டுபோக வேண்டிய வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரரும் உதவியாளரும் வரிசையைப் பார்த்துவிட்டு வாலில் போய் நின்றார்கள். அவள் காத்திருந்தாள். எந்த இடத்துக்கும் நேரத்தில் கிளம்பிப் பழக்கமில்லாதவள், அன்றும் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாம் முடித்து வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. கழுவி வைத்திருந்த பாத்திரங்களுக்கு நடுவில் மகள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தாள். மிஷினின் பழைய அட்டைப்பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கி, தூசு தட்டி மேஜைமேல் வைத்தாள்.

“அப்பா, ரெண்டு நாள் துணி எடுத்து வச்சா போதும். மிச்சத்த அப்புறம் வந்து எடுத்துக்கலாம்.”

கண்டக்டர் சமையலறை வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“மிஷின் எங்கயும் வராது.”

“உங்களுக்கு எதுக்குப்பா அது?”

“நானும் வரல.”

“தனியா என்ன பண்ணுவீங்க?”

“அதுக்கு ஆள் வேணும். தொட்டியில தண்ணி தேங்க விடக் கூடாது. தட்டைக் கழுவணும். உப்பு படிஞ்சா எடுக்கணும். உங்க வீட்ல செய்வாங்களா? உறை போட்டு மூடி வப்பீங்க.”

மகள் அத்தையின் பக்கம் திரும்பினாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

“அவன் வரமாட்டான்,” என்று ஜன்னலிடம் சொன்னாள் அக்கா. “சின்ன வயசுலயே அப்படித்தான். விடு.”

மகள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தவள், அப்போதுதான் உட்கார்ந்தாள். எனக்கு ஒன்று போடுங்கள் என்றாள். அவர் கப்பைச் சூடாக்கினார், பொடியை அமுக்காமல் போட்டார், பொத்தானை அழுத்தினார். மிஷின் உறுமி முடிக்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாய் குடித்தாள்.

“அம்மா போடற மாதிரி இல்ல.”

“இல்லதான்.”

இன்னொரு வாய் குடித்தாள். பிறகு கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிவரை குடித்தாள். எழுந்து, சாத்திய ஜன்னல்களைத் திறந்துகொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வாசலில் சொன்னாள். அட்டைப்பெட்டி பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போனது.

மறுநாள் காலை கண்டக்டர் தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பினார். அவள் கப்பை எடுத்துச் சூடாக்கினார். வடிகட்டியில் விளிம்புக்குக் கீழே பொடி. பொத்தான். காபி இறங்கி, கடைசிச் சொட்டும் விழுந்ததும், கப்பை மேஜையில் வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆவி மேலே போனது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது. அவர் எழுந்து தட்டைக் கழுவப் போனார்.

கண்டக்டர் பிறந்ததிலிருந்து ஒரு வாய் காபி குடித்ததில்லை.