எட்டில் ஏழு பங்கு மேகம்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து வந்தது. தப்பு என்னுடையது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பத்திரிகையில், மேகம் எப்படி உருவாகிறது என்று எழுதச் சொன்னார்கள். 'மேகம் என்பது வானத்தில் மிதக்கும் நீராவி' என்று தொடங்கினேன். நல்ல வாக்கியம் என்று நானே இரண்டு முறை வாசித்துக்கொண்டேன். இதழ் வெளிவந்த மூன்றாம் நாள் ஒரு பெண் போன் செய்தார். விமான நிலையம் ஒன்றில் வானிலை நோக்கராம். மணிக்கொரு தடவை மொட்டைமாடிக்கு ஏறி, வானத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை.

"சார், நீராவி கண்ணுக்குத் தெரியாது. உங்க வீட்ல கெட்டில் இருக்கா?"

"இருக்கும்மா."

"கொதிக்கறப்ப அதோட மூக்குக்கிட்ட பாருங்க. ஒரு விரல் அகலத்துக்கு ஒண்ணுமே இருக்காது. அதான் நீராவி. அதுக்கு மேல வெள்ளையா தெரியுதே, அது தண்ணித் துளி. மேகம் அந்த வெள்ளைதான். நீங்க அந்த ஒண்ணுமில்லாததைப் போய் மேகம்னு எழுதிட்டீங்க."

விமர்சகர்கள் இருபது வருடமாக என் எழுத்தைப் பற்றிச் சொல்ல முயன்றதை அவர் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

2

அவரை வைத்துக் கதை எழுதுவதென்று முடிவு செய்தேன். மன்னிப்புக் கேட்பதைவிட அது எனக்குச் சுலபம்.

முதல் தொடக்கம்: 'வானம் அழுதுகொண்டிருந்தது.' வேண்டாம். என் அழுகையை வானத்தின் தலையில் கட்டுவதை இத்துடன் விடுகிறேன்.

இரண்டாவது: 'கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு மேகம் –' இதை முடித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

மூன்றாவது: கணவனும் மனைவியும் ஒரே நிலையத்தில் வானிலை நோக்கர்கள். காலை ஷிஃப்ட் அவர், மதிய ஷிஃப்ட் அவள். ஷிஃப்ட் மாறும்போது மொட்டைமாடியில் பத்து நிமிடம் ஒன்றாக நிற்பார்கள். பதினொரு நாளுக்கு முன் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது; ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊர். அங்கே அவளுக்குக் குடும்பத்துக்கான வீடு ஒதுக்குவதா, தனி அறை ஒதுக்குவதா என்று இன்று பன்னிரண்டு மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். "நீங்க வர்றீங்களா?" என்று அவள் முதல் நாளே கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். அதோடு சரி.

(போன் செய்த அம்மாவுக்குக் கணவர் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மை வந்து கதைக்குக் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும்.)

3

அவருக்கு மனைவி மேல் கோபமில்லை. பொறாமையுமில்லை என்றுதான் நினைக்கிறேன். பாத்திரங்கள் எல்லாவற்றையும் என்னிடம் சொல்வதில்லை. பதினெட்டு வருடமாக ஒரே மாடியிலிருந்து ஒரே வானத்தைப் பார்த்தவர் அவர். வேறு ஊர் வானத்தின் கீழே தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிவிடலாம் என்று வாயைக் கொப்பளிப்பார். கூடத்துக்கு வருவார். "டூத்பேஸ்ட் தீரப்போகுது" என்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல், பழைய தப்புக்குப் பரிகாரமாக. ஈரக்காற்று மேலே ஏறும். ஏற ஏற அழுத்தம் குறைந்து, விரிந்து, குளிரும். குளிர்ந்த பிறகும் நீராவி தானாகத் துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும்: ஒரு தூசி, கடலிலிருந்து வந்த உப்புத் துகள், யாரோ எரித்த குப்பையின் புகை. அது கிடைத்தால்தான் துளி, துளிகள் சேர்ந்தால்தான் மேகம். மனிதன் வாயிலிருந்து வரும் சொல்லும் அப்படித்தான், ஒரு சின்னத் –

இல்லை. எழுத மாட்டேன். உவமை வாசல்வரை வந்துவிட்டது. செருப்பைக் கழற்றுவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டேன்.

4

இதுவரை எழுதியதை என் மனைவி வாசித்தாள்.

"இந்த ஆளு நீங்கதானே?"

"இவர் வானிலை நோக்கர்."

"ஆமா, பெரிய வித்தியாசம். அவராவது மணிக்கு ஒரு தடவை மாடி ஏறுறாரு."

அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. இன்னும் இருக்கிறது.

5

பதினொன்று நாற்பது. மொட்டைமாடி. தாழ்வான சாம்பல் மேகம் விளிம்பிலிருந்து விளிம்புவரை மூடியிருந்தது. வானத்தை எட்டுப் பங்காக நினைத்து, எத்தனை பங்கில் மேகம் என்று எழுதுவது அவர்கள் வழக்கம். அவர் 'எட்டு' என்று எழுதிப் பதிவேட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை, அண்ணாந்து பார்த்தாள்.

"ஏழு."

"எட்டு."

"தண்ணித் தொட்டிக்கு மேல பாருங்க. ஓட்டை இருக்கு."

பார்த்தார். பொத்தான் அளவுக்கு நீலம். எவ்வளவு சின்ன இடைவெளி தெரிந்தாலும் எட்டு எழுதக்கூடாது என்பது விதி. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"இப்ப மூடிரும்."

"மூடினப்புறம் எட்டு போடுங்க. இப்ப ஏழு."

"இத்துனூண்டு."

"இத்துனூண்டுக்குத்தான் அந்த விதியே வச்சிருக்காங்க."

பதினொரு நாளில் அவர்கள் பேசிய மிக நீளமான பேச்சு இது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எட்டின் மேலேயே அழுத்தி அதை ஏழாக்கினார்.

6

இந்தப் பகுதியை அந்த அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மேலேயே திருத்தி எழுதக்கூடாது சார். குறுக்க ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது வாசிக்கற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானதை எழுதி, சின்னதா கையெழுத்து. தப்பா பார்த்தது யாருன்னு தெரியணும்ல?"

"மாத்திடறேன்மா."

"அப்புறம், அந்த மனுஷன் வாயைத் திறப்பாரா?"

"தெரியலையே."

"எழுதறவருக்கே தெரியலைன்னா எப்படி? பாவம், அந்தப் பொண்ணு பெட்டியில எத்தனை பேர் துணி எடுத்து வைக்கும்?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கதையில் அவள் பெட்டி கட்டவேண்டும் என்பதையே நான் மறந்திருந்தேன். அவருடைய மௌனத்தை அவ்வளவு ரசித்துக்கொண்டிருந்தேன்.

7

சரி. அவர் எட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ஏழு. கையெழுத்து. இருவரும் கீழே இறங்கி வந்தபோது அலுவலகத்தில் போன் அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு நிமிடம்.

ஒரு முடிவு: அவர் 'வருகிறேன்' என்கிறார், இருவரும் ரயில் ஏறுகிறார்கள். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்று: அவள் தனி அறை கேட்டுவிட்டு நிமிர்ந்து நடக்கிறாள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த மனிதரைப் பேசவிடாமல் முடிப்பதற்கு நான் கண்டுபிடித்த வழி அது, அவ்வளவுதான்.

நடந்தது இது. அவள் போனை எடுத்தாள், கேட்டாள். "ஒரு நிமிஷம், அவரையே சொல்லச் சொல்றேன்" என்று சொல்லி ரிசீவரை அவர் கையில் வைத்தாள். அவர் வாங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் தலைமை அலுவலகத்து எழுத்தர் யாரோ ஒருவர், சாப்பாட்டு நேரத்து அவசரத்தில்:

"சொல்லுங்க சார். குடும்பமா, தனியா?"

அவர் மூச்சை இழுத்தார். இந்தத் தடவை டூத்பேஸ்ட் இல்லை, அதுமட்டும் எனக்கு நிச்சயம். 'குடும்பம்' என்றால் முதலில் உதடு குவியும். 'தனி' என்றால் நாக்கு பல்லைத் தொடும். நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். இந்தக் கதை முழுக்க அங்கேதான் நின்றேன், அதனால் எனக்குத் தெரிவது அவருடைய பிடரி மட்டும்.

நீங்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். மேஜையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள். அவர் வாய் திறந்துவிட்டது. உதடு குவிகிறதா?