திருப்பித் தர வேண்டாதது

ஒரு பகலும் ஓர் இரவும் ரயில், பிறகு மலைமேல் மூன்று மணி நேரம் பஸ். இத்தனையும் தாண்டி யுன்சியா வீட்டு முற்றத்தில் கால் வைத்தபோது அவள் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. தாத்தாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவர் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுக் காட்டி "அம்மா" என்றது.

குழந்தையைக் குறை சொல்ல முடியாது. எட்டு மாதக் குழந்தையாக விட்டுப் போனவள் யுன்சியா. இப்போது குவாகுவாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இடைப்பட்ட காலம் முழுக்க அம்மா என்பவள் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தாள். பேசுவாள், சிரிப்பாள், சார்ஜ் தீர்ந்தால் போய்விடுவாள். வாசலில் மூட்டையோடு நிற்கும் பெண்ணுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தச் சின்னத் தலை எப்படிக் கண்டுபிடிக்கும்?

தோங்குவான் நகரத்தில் அவள் வேலை செய்த ஷூ கம்பெனியில், புத்தாண்டுப் பண்டிகையான வசந்தத் திருநாளுக்கு ஒன்பது நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். புத்தாண்டின் ஆறாம் நாள் திரும்ப ரயில் ஏறியாக வேண்டும். கணவன் மேற்கே எங்கோ சுரங்கப்பாதை வெட்டிக்கொண்டிருந்தான், இந்த வருடம் வரவில்லை. மாமியார் இவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, பேத்தியை வளர்ப்பது மாமனார்தான். அவர் வளர்ப்பில் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது, அதில் யுன்சியாவுக்குக் குறையில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. போவதற்குள் ஒரு தடவை, தன் முகத்தைப் பார்த்து, அது அம்மா என்று கூப்பிட வேண்டும்.

"வரும், வரும்," என்றார் மாமனார், அடுப்புக்கு மேல் புகையில் தொங்கிய பன்றி இறைச்சியில் ஒரு துண்டு அறுத்தபடி. "சந்தையில வாங்கின கன்னுக்குட்டிகூட பழக மூணு நாளு எடுத்துக்கும்."

மூன்று நாள் ஆயிற்று, நான்கும் ஆயிற்று. நாளுக்கு ஆயிரம் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிறவள், சொந்த மகளுக்கு வாங்கி வந்த ஷூ ஒரு விரல் சின்னதாகப் போயிற்று. போனில் பார்த்து அளவு எடுத்தால் அப்படித்தான். இருந்தாலும் குழந்தை மெல்ல நெருங்கியது. அவள் கையால் நூடுல்ஸ் தின்றது, பக்கத்தில் படுத்துத் தூங்கியது. ஆனால் கூப்பிடவில்லை. ஆசை தாங்காமல் யுன்சியா ஒருநாள் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று மாமனாரின் போனுக்கு வீடியோவில் அழைத்தாள். "அம்மா, அம்மா" என்று குழந்தை குதித்தது. பேசிக்கொண்டே கொட்டிலைச் சுற்றி எதிரே வந்து நின்றாள். குவாகுவா போனைப் பார்த்தது, இவளைப் பார்த்தது. இவள் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தோ என்னவோ, போனை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டது. அன்று யுன்சியா தன் மேலேயே பொறாமைப்பட்டாள்.

புத்தாண்டின் ஐந்தாம் நாள், முற்றத்தில் பட்டாசுக் குப்பை பறந்துகொண்டிருந்த காலையில், லுவோ டீச்சர் வந்தாள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்குப் பொம்மையும் படப் புத்தகமும் எடுத்துப் போய், வீட்டுக்காரர்களுக்கு விளையாடச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் இருபது வருஷம் இதே மலையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீசராக இருந்தவள் அவள். மாமனார் அதை விட்டுவிடுவாரா?

"வாம்மா லுவோ. அன்னைக்குப் புள்ள பொறக்கக் கூடாதுன்னு வாசலுக்கு வாசல் வந்தே. இன்னைக்குப் பொறந்தது சரியா விளையாடுதான்னு பாக்க வர்றே. சர்க்கார் எப்படியும் உன்னை வீட்டுல உக்கார விடாது போலிருக்கு."

"உங்க வாயை மட்டும் எந்த சர்க்காராலும் கட்டுப்படுத்த முடியலியே," என்று சொல்லிவிட்டு அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். குவாகுவா நேராகப் போய் அவள் மடியில் ஏறியது. யுன்சியா வெந்நீர் ஊற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொம்மைகள் இரவல்தான், அவளை அனுப்புகிற சர்க்கார் குழந்தைகள் மையத்தின் சொத்து. போன வாரத்துப் பொம்மையைத் திருப்பிக் கொடுத்தால்தான் பையிலிருந்து அடுத்தது வரும். மற்ற வீடுகளில் இதற்காக ஊரே கூடுகிற மாதிரி அழுகை நடக்கும், இந்தப் பிள்ளை மட்டும் தங்கம் என்று லுவோ டீச்சர் சொன்னாள். சொல்லும்போதே குவாகுவா எழுந்து போய், ஒன்றுக்குள் ஒன்று போகிற கிண்ணங்களை எடுத்துவந்து பையில் போட்டது. பெரியது, நடுத்தரம், சின்னது. முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை.

பிறகு அது யுன்சியாவிடம் வந்தது. விரலைப் பிடித்தது. தானாக அவள் விரலைப் பிடித்தது அதுதான் முதல் தடவை, அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இழுத்த இழுப்புக்கு எழுந்து போனாள். குழந்தை அவளைப் பை வரைக்கும் கூட்டிப்போய், முழங்காலில் கை வைத்து டீச்சர் பக்கம் தள்ளியது.

"இதுவும்," என்றது. அப்புறம் பையை எட்டிப் பார்த்து, "வேற?" என்றது.

மாமனார் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். வந்தது ஒரு வாரம் இருக்கும், பிறகு போய்விடும், அழக் கூடாது, அடுத்தது வரும். குழந்தை கற்ற பாடத்தில் ஒரு பிழையும் இல்லை.

லுவோ டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, "இது என் பையிலேருந்து வந்ததில்ல கண்ணு," என்றாள். "இது உன்னோடது. திருப்பித் தர வேணாம்."

"பொய் சொல்லாதீங்க டீச்சர்," என்றாள் யுன்சியா. "எனக்கு நாளைக்கு ரயில்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதாள், அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அழுது ஓயும் வரை டீச்சர் காத்திருந்தாள். அடம் பிடிக்காமல் கொடுக்கிறது என்று தானும் மாதக்கணக்கில் மெச்சிக்கொண்டிருந்ததை, ரிப்போர்ட்டில்கூட நல்லபடியாக எழுதியதை, தலை குனிந்தபடி ஒப்புக்கொண்டாள். "வேலைக்குப் போறது வேற, திருப்பிக் குடுக்கறது வேற. அந்த வித்தியாசம் புள்ளைக்குத் தெரியணும் யுன்சியா. போ, வா. வாசல் வரைக்கும் போ, திரும்பி வா. போறேன்னு சொல்லிட்டுப் போ, வந்துட்டேன்னு சொல்லிட்டு வா. இந்த வாரத்துக்கு விளையாட்டு இதுதான்."

யுன்சியா கம்பெனி மேற்பார்வையாளனிடம் போனில் கெஞ்சினாள். அவன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மூன்று நாள் கொடுத்தான். நாலாவது நாள் அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும் என்றும் சொன்னான்.

அந்த மூன்று நாளும் அவள் போவதும் வருவதுமாக இருந்தாள். முதலில் கதவுக்குப் பின்னால், பிறகு கொட்டில் வரைக்கும், பிறகு வாதுமை மரம் வரைக்கும், பிறகு கீழே கடைவரைக்கும். மருமகளுக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, சர்க்கார் சொன்ன பேய்தான் என்றார் மாமனார். முதல் நாள் அவள் போனபோது குவாகுவா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வாசலில் வந்து நின்றது. மூன்றாம் நாள் அவள் கடையிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. குழந்தை மரத்தடிக்கே வந்து நின்று, அவள் முழங்காலில் ஓங்கி ஒரு குத்து விட்டது. உப்பு வாங்கப் போனவளுக்கு அந்தக் குத்து புத்தாண்டுப் பரிசு மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

கிளம்புகிற நாள், தூங்கும்போதே போய்விடு என்றார் மாமனார். ஊரில் எல்லாரும் செய்வது அதுதான், போன தடவை அவளும் அப்படித்தான் போனாள். இந்தத் தடவை மாட்டேன் என்றுவிட்டாள். குழந்தையை எழுப்பி, முகம் கழுவி, எதிரே உட்காரவைத்தாள்.

"அம்மா வேலைக்குப் போறேன். நாள் நெறைய ஆகும். கோதுமை அறுக்கறப்போ வந்துடுவேன்."

குவாகுவா தலையாட்டியது. என்ன புரிந்ததோ. பஸ் வரும் இடத்துக்குத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது. யுன்சியா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். குழந்தை அழவில்லை, அமைதியாக நின்றது. இவ்வளவுதான் நமக்குக் கொடுத்து வைத்தது என்று அவள் மனத்தை ஆற்றிக்கொள்ளப் பார்த்தாள்.

பஸ் நகர்ந்தது. பத்தடி போயிருக்கும். குழந்தை தாத்தாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தது. கால் இடறி விழுந்தது, எழுந்து, சளியும் கண்ணீருமாக, மலை எதிரொலிக்கும்படி கத்தியது.

"அம்மா! அம்மா!"

பெரியவர் வந்து அதைத் தூக்கிக்கொண்டார். அவர் தோளிலும் அது திமிறியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து வேகத்தைக் குறைத்தார். யுன்சியா இரண்டு கையாலும் முன்சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். பிடியை விட்டால் இறங்கிவிடுவாள், இறங்கினால் அப்புறம் எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டச் சொல்லித் தலையசைத்தாள்.

"யாரம்மா அந்தப் புள்ள? யாரைக் கூப்பிடுது?" என்றார் டிரைவர்.

"என்னைத்தான்ணே," என்றாள் யுன்சியா. "என்னைத்தான் கூப்பிடுது."